670 இருந்தும் கடைசி பெஞ்ச்: போக்கிமான் ஷோடவுன் விமர்சனம்

போக்கிமான் என்கிற கற்பனை உயிரினங்களை மோதவிடும் ஆட்டத்தில் நான் கட்டிய முதல் டீமில் முதல் ஆள் ஸ்லேக்கிங். உயிர், அட்டாக், டிஃபென்ஸ், ஸ்பெஷல் அட்டாக், ஸ்பெஷல் டிஃபென்ஸ், ஸ்பீடு என்ற ஆறு ஸ்டாட்ஸையும் கூட்டினால் 670 வருகிறது, கடலையே கிளப்பிவிடும் கயோக்ருக்கும் அதே 670தான், ஆக இரண்டும் ஒரே தரம் என்பது என் கணக்கு. அதன் எபிலிட்டி, அதாவது பிறவிக் குணம், என்ன என்று படிக்கவில்லை. ட்ரூவன்ட் என்று ஒன்று, ஒரு டர்ன் அடித்தால் அடுத்த டர்ன் சும்மா உட்கார்ந்து கொட்டாவி விடும். அது அடிக்க வந்த டர்னில் எதிராளி அடியைத் தடுக்கும் ப்ரொடெக்ட் போட்டான், கொட்டாவி விட்ட டர்னில் ஸ்வார்ட்ஸ் டான்ஸ் போட்டு அட்டாக்கை இரட்டிப்பாக்கிக்கொண்டான், அப்புறம் என் பக்கம் ஒவ்வொருவராகச் சரிந்தார்கள். மொத்த ஆட்டமும் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தத் தோல்வி நடந்த இடம் போக்கிமான் ஷோடவுன். இரண்டு வருஷமாக அங்கேயே கிடக்கிறேன், அதனால் இதை எழுதும் தகுதி வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: ஷோடவுன் என்பது பிரவுசரிலேயே ஓடுகிற இலவச சண்டை சிமுலேட்டர். நின்டென்டோ நடத்துவது இல்லை, ரசிகர்கள் கட்டியது. கதை கிடையாது, காட்டுக்குள் அலைந்து பந்து எறிந்து பிடிக்கும் வேலை கிடையாது. டீம் பில்டரில் பெயரைத் தட்டினால் போக்கிமான் வந்து நிற்கும், மூவ் (ஒரு டர்னில் செய்யும் செயல்), கையில் தரும் ஐட்டம், டெரா டைப் (நெருப்பு, தண்ணீர் போல ஒவ்வொன்றுக்கும் இருக்கும் வகையைச் சண்டையின் நடுவே மாற்றிக்கொள்வது), ஒவ்வொரு ஸ்டாட்டுக்கும் 252 வரை, மொத்தத்தில் 510 வரை பயிற்சிப் புள்ளிகள், எல்லாவற்றையும் நீங்களே நிரப்பலாம். விளையாட்டில் அந்த ஒரு போக்கிமானைத் தயார் செய்ய ஆகும் நேரத்தில் இங்கே நாலு டீம் கட்டி நாலையும் தோற்றுவிடலாம். கிராஃபிக்ஸ் சுமார்தான், சின்னச் சின்னப் பொம்மைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளும், அதை எதிர்பார்த்து யாரும் போக வேண்டாம்.

நான் இங்கே போன காரணம் ஒரே கேள்வி: எது பலசாலி? இதைக் கேட்டால் இணையத்தில் ஆயிரம் பேர் எஸ், ஏ, பி, சி என்று வரிசை போட்டுத் தருவார்கள். ஒரு மொபைல் ஆப்புக்குக் காசுகூடக் கட்டினேன், பெயர் வேண்டாம். ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று போட்டிருந்தது. ஸ்லேக்கிங்குக்கு நாலரை. எந்தக் களத்தில், யார் பக்கத்தில், யாருக்கு எதிரே என்று ஒரு வரி கிடையாது. கூட்டல் தெரிந்த எவனும் போடக்கூடிய பட்டியல்.

ஷோடவுனில் ஓடும் தரவரிசை ஸ்மோகன் என்கிற சமூகத்தின் டியர் முறை. மேலே யூபர்ஸ், அதற்குக் கீழே ஓயூ, யூயூ, ஆர்யூ, என்யூ, பீயூ என்று இறங்கும். இதைப் பலத்தின் வரிசை என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். உண்மையில் ஓயூவும் அதற்குக் கீழே உள்ளவையும் ஜனங்கள் எதை எத்தனை தரம் எடுத்துவருகிறார்கள் என்ற கணக்கு மட்டுமே. அதில் எல்லையாக ஒரு எண் இருக்கிறது, 4.52 சதவீதம், அதை எட்டினால்தான் அந்த டியரில் இடம். ஏதோ வாய்க்கு வந்தது போலத் தெரியும், ஆனால் பதினைந்து ஆட்டம் ஆடினால் அந்தப் போக்கிமானை ஒருமுறையாவது சந்திக்க சரிபாதி வாய்ப்பு இருக்க வேண்டும், அந்தக் கணக்கைப் போட்டால் 4.52 வரும். முன்னால் இருபது ஆட்டத்தில் சரிபாதி வாய்ப்பு என்று வைத்திருந்தார்கள், அப்போது எல்லை 3.41. நல்ல ரேட்டிங் உள்ளவர்களின் ஆட்டத்துக்கு எடை கூடுதல், அதனால் புதிதாக வந்து பிடித்ததையெல்லாம் போடும் என்னைப் போன்றவர்களால் பட்டியல் ரொம்பக் கெடுவதில்லை. யூபர்ஸ் மட்டும் வேறு கதை, அங்கே போவது தடை வாங்கித்தான். சந்தேகத்துக்கு உரியதை ஒரு காலகட்டம் சோதனைக்கு விடுவார்கள், லேடரில், அதாவது ரேட்டிங் ஏறி இறங்கும் ஆட்ட வரிசையில், குறிப்பிட்ட தகுதியை எட்டியவர்கள் மட்டும் வாக்குப் போடலாம், 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றால் வெளியே.

இந்த முறை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், இது யாருடைய ரசனையும் இல்லை. நாலு பேர் உட்கார்ந்து நட்சத்திரம் போடவில்லை. ஜெயிக்க வேண்டும் என்ற வெறியோடு வருகிறவர்கள் எதைக் கையில் எடுக்கிறார்கள் என்று பார்த்து எழுதுகிறார்கள், அவ்வளவுதான். அதே காரணத்துக்காக அதில் ஓட்டையும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது ஒன்பதாம் தலைமுறை ஓயூ களத்தில், அதாவது 2022 நவம்பரில் வந்த ஸ்கார்லெட், வயலட் விளையாட்டுகளின் போக்கிமான்கள் மோதும் ஒற்றையர் சண்டையில், என் வரிசையைச் சொல்கிறேன். உங்களுக்கு வேறாக இருந்தால் சந்தோஷம்.

முதல் இடம் கிங்காம்பிட். கிரேட் டஸ்க்தான் முதலில் வர வேண்டும் என்று பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், புள்ளிவிவரமும் பெரும்பாலும் அவர்கள் பக்கம்தான், இருக்கட்டும். கிங்காம்பிட்டின் ஸ்பீடு 50. ஐம்பது! அட்டாக் 135, டிஃபென்ஸ் 120, அதெல்லாம் நல்லதுதான், ஆனால் 50 ஸ்பீடில் இருக்கும் ஒன்று முதலிடமா என்று ஸ்டாட்ஸ் கூட்டுகிறவர் கேட்பார். அதன் எபிலிட்டி சுப்ரீம் ஓவர்லார்ட், கூட்டாளி ஒருவன் விழுந்தால் அடியில் 10 சதவீதம் கூடும், ஐந்து பேரும் விழுந்திருந்தால் 50. அதாவது நீங்கள் தோற்றுக்கொண்டிருக்கும் வேகத்தில் இது பலமாகிக்கொண்டே வரும். கையில் சக்கர் பன்ச் என்றொரு மூவ், எதிராளி அடிக்க முடிவு செய்திருந்தால் அவனுக்கு முன்னால் இது முந்திக்கொண்டு அடிக்கும், ஸ்பீடு 50ஆ 150ஆ என்ற பேச்சே இல்லை. எதிராளி அடிக்காமல் வேறு ஏதாவது செய்தால் சக்கர் பன்ச் வீணாகும். சரி, அடிக்காமல் இருக்கலாமே என்றால், அந்தச் சும்மா டர்னில் கிங்காம்பிட் ஸ்வார்ட்ஸ் டான்ஸ் போட்டுவிடும். ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடம் முழுக்க இவன் அடிப்பானா மாட்டானா என்ற மன விளையாட்டாக மாறிவிடும், அந்த நேரத்தில் என் கை மவுஸ் மேல் வியர்த்துக்கொண்டிருக்கும், ஐந்துக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்து இதை வைத்து ஜெயித்திருக்கிறேன், ஐந்துக்கு ஒன்று என்று முன்னிலையில் இருந்து இதனிடம் தோற்றும் இருக்கிறேன். ஃபைட்டிங் அடி விழுந்தால் நாலு மடங்கு வலி, கிரவுண்ட் அடிக்கு இரண்டு மடங்கு. அதற்கும் டெராவில் ஃப்ளையிங் டைப்பாக மாறிக்கொண்டால் கிரவுண்ட் தொடவே தொடாது, ஃபைட்டிங் பாதியாகிவிடும். தடை செய்யலாமா என்று வாக்கெடுப்பு வைத்தும் வெளியே தள்ள முடியவில்லை.

கிரேட் டஸ்க்குக்கு இரண்டாம் இடம் தருவதில் எனக்கே கொஞ்சம் குற்ற உணர்ச்சி உண்டு. அட்டாக்கும் டிஃபென்ஸும் 131, ஸ்பெஷல் டிஃபென்ஸ் வெறும் 53. ஒரு பக்கம் கோட்டைச் சுவர், மறுபக்கம் ஓலைத் தட்டி. ஆனாலும் எல்லா டீமிலும் இருக்கிறது, ஏனென்றால் ராப்பிட் ஸ்பின் போட்டு எதிராளி நம் பக்கம் போட்டுவைத்த கல், முள் போன்ற பொறிகள் எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளும், அப்படிப் பெருக்கும்போதே ஸ்பீடும் ஒரு படி கூடும். வீட்டு வேலையும் செய்து வெளியே போய் அடிதடியும் செய்கிற ஆள்.

மூன்றாவதாக கோல்டெங்கோ. இதைத் தனியாகப் பார்த்தால் ஸ்பெஷல் அட்டாக் 133, மற்றபடி நடுத்தரம். இதன் பலம் இது செய்வதில் பாதி, மற்றவர்களைச் செய்யவிடாமல் தடுப்பதில் பாதி. எதிராளி கல் போட்டுவிட்டான், நீங்கள் பெருக்க வேண்டும், அப்போது எதிரே கோல்டெங்கோ வந்து நிற்கிறது. ராப்பிட் ஸ்பின் நார்மல் டைப் மூவ், இது கோஸ்ட், படாது. கல்லை அகற்றும் இன்னொரு மூவான டிஃபாக் போடலாமா? இதன் எபிலிட்டி குட் ஆஸ் கோல்ட், எதிராளியின் எந்த ஸ்டேட்டஸ் மூவும், அதாவது நேரடியாக அடிக்காத மூவும், இதன் மேல் வேலை செய்யாது, டிஃபாக்கும் அதில் அடக்கம். ஆக கல் கிடக்கும், நீங்கள் ஆள் மாற்றும் ஒவ்வொரு தடவையும் குத்தும். நட்சத்திரம் போடும் ஆப்பில் இந்த விஷயத்துக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

கல் என்று சொன்னேனே, ஸ்டெல்த் ராக். நாலாம் தலைமுறையில் வந்த ஒரே ஒரு மூவ், தரவரிசை முழுவதையும் புரட்டிப் போட்டது. உள்ளே வருகிறவனை ராக் டைப் அடி பாதிக்கும் அளவுக்குக் கல் குத்தும், அதனால் சாரிசார்ட், வோல்கரோனா போன்றவை களத்தில் காலை வைத்ததுமே பாதி உயிர் போய்விடும். பாதி! யாரும் அடிக்கக்கூட இல்லை. பல வருஷம் இவை அடிக்கும் பலம் இருந்தும் கதவைத் தாண்டி உள்ளே வர முடியாத கோபக்காரர்களாகவே இருந்தன. பிறகு 2019இல் ஹெவி டியூட்டி பூட்ஸ் என்று ஒரு ஐட்டம் வந்தது, போட்டுக்கொண்டால் கல்லும் முள்ளும் தைக்காது. வோல்கரோனா அதே வோல்கரோனாதான், ஒரு எண்ணும் மாறவில்லை, காலில் ஒரு ஜோடி செருப்பு வந்ததும் மதிப்பே வேறாகிவிட்டது.

ஸ்பீடு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கார்சோம்ப்பின் ஸ்பீடு 102. ஏன் 100 இல்லை, 105 இல்லை? மியூ, ஜிராச்சி, ஸாப்டோஸ், சாலமென்ஸ் என்று ஒரு பெரிய கூட்டமே சரியாக 100இல் நிற்கிறது. லெவல் 100இல் ஸ்பீடைக் கூட்டும் நேச்சரோடு (சுபாவத்தோடு) முழுப் பயிற்சியும் கொடுத்தால் அவர்களுக்கு 328, கார்சோம்ப்புக்கு 333. வெறும் ஐந்து புள்ளிதான், ஆனால் இந்த ஆட்டத்தில் ஒரு புள்ளி கூட இருந்தாலும் முழு டர்ன் உங்களுக்கு முதலில், முக்கால் டர்ன் என்று ஒன்று கிடையாது. அந்த இரண்டு எண்ணை யார் யோசித்து வைத்தார்களோ, அவர்கள் கைக்குத் தங்கக் காப்பு போடலாம். நாலாம் தலைமுறையில் இது ஓயூவிலிருந்தே தூக்கி எறியப்பட்டது, இன்று பத்தோடு பதினொன்றாகச் சாதாரணமாக உலவுகிறது, ஏனென்றால் இப்போது இதைவிட வேகமானவர்கள் தெருவுக்குத் தெரு.

என் கார்சோம்ப் கதை ஒன்று. மூன்று டர்ன் ஸ்வார்ட்ஸ் டான்ஸ் போட்டு அட்டாக்கை உச்சிக்கு ஏற்றி வைத்திருந்தேன், எதிராளி டொன்டோஸோவைக் கொண்டுவந்தான். உருண்டையாக ஒரு பூனைமீன், உயிர் 150, ஸ்பீடு 35. ஓங்கி அடித்தேன், கீறல் விழுந்தது. திரும்ப அடித்தேன், அது ரெஸ்ட் போட்டுத் தூங்கியது. அப்போதுதான் அன்அவேர் என்ற எபிலிட்டியைப் படித்தேன், நீங்கள் ஏற்றிய பூஸ்ட் எதையும் அது கண்டுகொள்ளாது. மூன்று டர்ன் நான் ஆடிய நடனத்தை அந்த மீன் பார்க்கவே இல்லை. ஷோடவுனில் ரீப்ளே சேமிக்கலாம், அதைச் சேமித்து வைத்திருக்கிறேன், தலைக்கனம் ஏறும்போது போட்டுப் பார்ப்பேன்.

தடை வாங்கியவர்களில் பாலாஃபின் எனக்குப் பிடித்த உதாரணம். ஆரம்ப உருவத்தில் மொத்தம் 457, ஒரு டால்ஃபின், யாரும் பயப்பட மாட்டார்கள். ஒருமுறை வெளியே போய்த் திரும்பி வந்தால் 650, அட்டாக் மட்டும் 160. விளையாட்டு வந்த கொஞ்ச நாளிலேயே ஓயூவிலிருந்து துரத்தினார்கள். ஃபிளட்டர் மேனுக்கும் அதே கதிதான். உயிர், அட்டாக், டிஃபென்ஸ் மூன்றும் 55, மற்ற மூன்றும் 135. மொத்தம் 570, கார்சோம்ப்பைவிட 30 குறைவு. குறைந்த பணத்தையும் தேவையான இடத்தில் மட்டும் செலவு செய்த வீடு மாதிரி, வாசலில் பெயின்ட் இல்லை, உள்ளே எல்லாம் இருக்கிறது.

இவ்வளவும் ஒற்றையர். இரட்டையர் களத்துக்குப் போனால் இந்த வரிசையைக் கிழித்துப் போட வேண்டியதுதான். அதிகாரபூர்வ உலகப் போட்டிகள் நடப்பது இரட்டையரில், ஆறு பேரைக் காட்டி நாலு பேரை இறக்குவார்கள். அங்கே ராஜா யார் என்றால் இன்சினரோர். ஓயூ ஒற்றையரில் எட்டிக்கூடப் பார்க்காத ஆள். உள்ளே வந்ததும் இன்டிமிடேட்டால் எதிரே நிற்கும் இருவரின் அட்டாக்கும் குறையும், ஃபேக் அவுட் அடித்தால் ஒருவன் அந்த டர்ன் திகைத்து நிற்பான், போகும்போது பார்ட்டிங் ஷாட் போட்டு இன்னும் கொஞ்சம் பலத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும், அப்புறம் திரும்பி வந்து மறுபடி மிரட்டும். தானாக யாரையும் கொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்தில் நிற்கிறவன் கொல்வான்.

பச்சிரிசுவைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. மொத்தம் 405 மட்டுமே உள்ள ஒரு மின்சார அணில். 2014இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் செஜுன் பார்க் இதைக் கொண்டுவந்து பட்டம் வாங்கினார். இது செய்த முக்கிய வேலை ஃபாலோ மீ, எதிராளியின் அடியையெல்லாம் தன் பக்கம் இழுத்து வாங்கிக்கொள்வது, பக்கத்தில் இருந்த பெரிய ஆட்கள் நிம்மதியாக வேலை பார்த்தார்கள். அந்தக் களத்தில் வந்துகொண்டிருந்த அடிகளுக்கு அந்த அணில் சரியாகத் தாங்கியது, அதுதான் விஷயம். அப்படியே இன்றைய களத்தில் இறக்கினால் தாங்காது, இதையும் முயன்று பார்த்துத் தோற்ற பிறகுதான் சொல்கிறேன்.

சரி, குறைகள். டியர் பட்டியல் பயன்பாட்டுக் கணக்கு என்பதால் சோம்பேறித்தனமும் அதில் சேர்ந்துவிடுகிறது. ஒரு நல்ல டீம் எங்காவது ஜெயித்தால் அடுத்த நாள் லேடரில் பாதிப் பேர் கையில் அதே டீம், ஐட்டம்கூட மாறாமல். அப்போது ஒரு போக்கிமான் மேலே ஏறுவது அதன் பலத்தாலா, காப்பி அடிக்கும் வேகத்தாலா என்று பிரிப்பது கஷ்டம். கீழ் டியர்களில் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை, யூயூவில் ஆசையாக ஒரு டீம் கட்டி வைத்திருப்பீர்கள், அதில் ஒருவன் மேலே பிரபலமாகி 4.52ஐத் தாண்டிவிட்டால் உங்கள் டீமில் ஒரு பல் விழுந்த மாதிரி, அடுத்த தடவை பில்டரே அவனை ஏற்காது. ரேட்டிங் பற்றி எனக்குப் புகார் இல்லை, 1000இல் ஆரம்பிக்கும், அதற்குக் கீழே போகாது, என் போன்றவர்களின் மானத்தைக் காக்கும் ஏற்பாடு. அதிர்ஷ்டம் மட்டும் அவ்வப்போது கழுத்தறுக்கும். ஒவ்வொரு அடியும் 85 முதல் 100 சதவீதத்துக்குள் எங்கோ விழும், ஃபோகஸ் பிளாஸ்ட் பத்துக்கு ஏழு முறைதான் படும் என்று எழுதியிருக்கிறது, எனக்கு மட்டும் பத்துக்கு நாலு. சாட்டில் சிலர் ஜெயித்த பிறகு வாயைத் திறப்பார்கள், இக்னோர் வசதி இருக்கிறது, தயங்காமல் தட்டலாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் ஓயூ லேடரைச் சொல்ல மாட்டேன், ராண்டம் பேட்டிலில் ஆரம்பியுங்கள். டீமை ஷோடவுனே கலைத்துப் போட்டுத் தரும், இரண்டு பேருக்கும் வேறு வேறு ஆறு. அதில் ஒரு வேடிக்கை, லெவலைக் கவனித்தால் பலசாலிகளுக்குக் குறைவாகவும் நோஞ்சான்களுக்கு அதிகமாகவும் இருக்கும், சமப்படுத்துவதற்காக. எனக்குத் தெரிந்து மிகவும் நேர்மையான தரவரிசை அந்தச் சின்ன எண்தான், எஸ், ஏ, பி என்று எந்த அலங்காரமும் இல்லாமல் பெயருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். பெரிய பெயர்கள் எழுபது சொச்சத்தில் வரும், யாரும் சீண்டாத ஏதோ ஒன்று தொண்ணூறு சொச்சத்தில் வந்து நிற்கும், பாவமாக இருக்கும், பிறகு அதனிடமே அடி வாங்குவோம்.

நேற்று ராண்டமில் எனக்கு ஒரு ஸ்லேக்கிங் வந்தது. எதிரே நின்றவனிடம் ப்ரொடெக்ட் இல்லை. ஒரே அடியில் ஒருவன் விழுந்தான். அடுத்த டர்ன் கொட்டாவி விட்டது, நானும்தான், மணி இரண்டு ஆகியிருந்தது.